ஸ்டீல் கிட்டார் கூட்டத்தில் முதன்முறை வாசிக்கப் போகிறவர்களுக்கு: கொங்குப் பக்கத்திலிருந்து ஒரு முழு வழிகாட்டி

நான் முதன்முதலாக ஸ்டீல் கிட்டார் கூட்டத்தில் வாசித்த அன்று, பாட்டின் இரண்டாவது வரியிலேயே பார் என்னும் எஃகு உருளை கையை விட்டு நழுவியது. பலகை மேடை. உருண்டு போய் இடுக்கில் விழுந்து, அடியிலிருந்து ‘டொங்’ என்று ஒரு சத்தம் கொடுத்தது. முன்வரிசைப் பெரியவர் ஒருவர் திரும்பிப் பக்கத்திலிருந்தவரிடம், “இதுவரைக்கும் வாசிச்சதுல இதுதானுங்க சுருதியோட இருந்துச்சு” என்றார். மெதுவாகத்தான் சொன்னார். எனக்குக் கேட்டுவிட்டது.

அவர் சொன்னதில் தப்பில்லை. சாதாரணக் கிட்டாரில் மெட்டுக்கட்டை (ஃப்ரெட்) இருக்கிறது. விரல் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் அது சுரத்தைப் பிடித்துக் கொடுத்துவிடும். ஸ்டீல் கிட்டாரில் கம்பி பலகையைத் தொடுவதே இல்லை. கீழே தெரியும் கோடுகள் வெறும் அடையாளம். கம்பிமேல் பாரை வைத்து நகர்த்துகிறோம், அது எங்கே நிற்கிறதோ அதுதான் சுரம். அதிலும் கூட்டத்தில் கேட்க உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப்பேர் இதை வாசிக்கிறவர்கள். ஒரு வரி மறந்து போனால் சிரித்துவிட்டு விட்டுவிடுவார்கள். சுருதி விலகினால் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஆகையால் கீழே சொல்லும் எல்லாமே, நாற்காலி முதல் கைத்துண்டு வரை, சுருதியைக் காப்பாற்றத்தான்.

கூட்டம் எப்படி இருக்கும்

கச்சேரி என்று நினைத்துப் பயப்பட வேண்டாம். எங்கள் பக்கத்தில் யாராவது ஒருவருடைய தோட்டத்துச் சாளையிலோ, முகூர்த்தமில்லாத நாளில் காலியாகக் கிடக்கும் சின்ன மண்டபத்திலோ பதினைந்து இருபது பேர் சேர்வோம். பொள்ளாச்சிப் பக்கத் தென்னந்தோப்பு ஒருமுறை, கோவையில் ஒரு மாடி வீடு இன்னொருமுறை. காலையில் ஆரம்பித்து, மத்தியானம் அரிசிம்பருப்பு சாதம் சாப்பிட்டுவிட்டு, பொழுது சாயும்வரை ஒருவர் மாற்றி ஒருவர் வாசிப்பார்கள். புதிதாக வருகிறவருக்கு இரண்டு பாட்டு, பத்துப் பதினைந்து நிமிடம்.

வருகிறவர்கள் ஒரே மாதிரி இருக்க மாட்டார்கள். வாத்தியமே ஹவாய்த் தீவிலிருந்து வந்தது. 1874இல் பிறந்த ஜோசப் கெகுகு, பள்ளிக்கூடத்துப் பையனாக இருக்கும்போதே இந்த முறையைக் கண்டு வளர்த்தவர் என்று சொல்வார்கள். அங்கே வளர்ந்த டாவ் மோ என்ற கலைஞர் தன் குடும்பத்தோடு 1940களில் கொல்கத்தாவில் தங்கி வாசித்தார். அதனால் இந்தியாவில் இந்த வாத்தியத்துக்கு ‘ஹவாயன் கிட்டார்’ என்ற பெயரும், சினிமாப் பாட்டை அதில் வாசிக்கும் வழக்கமும் வங்காளத்தில்தான் நன்றாக வேர் பிடித்தது. பிறகு பிரிஜ் பூஷண் காப்ரா அதை இந்துஸ்தானி மேடைக்குக் கொண்டுபோனார். விஸ்வமோகன் பட், கிட்டாரை மாற்றி அமைத்த தன் மோகன வீணையில் வாசித்த இசைத்தொகுப்புக்கு 1994இல் கிராமி விருது வாங்கினார். ஆக, கூட்டத்தில் ஒருவர் ஹவாய் மெட்டு வாசிப்பார், ஒருவர் பழைய படப் பாட்டு, ஒருவர் ஆலாபனை. பெடல் ஸ்டீல் (கால்மிதி பொருத்தி, தனிக் கால்களில் நிற்கும் ஸ்டீல் கிட்டார்) வைத்திருக்கும் அமெரிக்க நாட்டுப்புறப் பாட்டு ஆசாமி ஒருவரும் இருப்பார். அவர் வாத்தியத்தின் கால்களைப் பொருத்தி நிமிர்வதற்குள் கால்மணி நேரம் ஓடிவிடும். உங்கள் பாணி என்ன என்று யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். ‘என்ன ட்யூனிங்?’ என்று மட்டும் எல்லோரும் கேட்பார்கள்.

முதலில், பாட்டைத் தேர்ந்தெடுப்பது

மெதுவான ஒன்று, நடுத்தர வேகத்தில் ஒன்று. மெதுவானது கடினம் என்று சொல்வார்கள், உண்மைதான்: ஒவ்வொரு சுரமும் நீண்டு நின்று மாட்டிக்கொடுக்கும். ஆனால் பயத்தில் கை ஓடும்போது மெதுவான பாட்டில் மூச்சுவிட இடம் இருக்கிறது. வேகமானதில் தடுக்கினால் எழுந்திருக்க நேரம் கிடைக்காது. முதலில் நடுத்தர வேகப் பாட்டை வாசித்து, கை சூடானதும் மெதுவானதற்குப் போவது என் வழக்கம்.

பாட்டு உங்களுக்குப் பாட வரவேண்டும். குரல் நன்றாக இருக்க வேண்டியதில்லை, குளிக்கும்போது முணுமுணுக்கும் அளவு போதும். பாட வராத பாட்டை பாரில் இழுத்தால் எங்கே போய் நிறுத்துவது என்று காது சொல்லாது, கண் மட்டும் கோட்டைத் தேடும்.

எதையும் தேர்ந்தெடுக்க முடியாமல் தவித்தால் மோகனத்தில் அமைந்த மெட்டு ஒன்றை எடுங்கள். காரணத்தை அடுத்ததில் சொல்கிறேன்.

ட்யூனிங்கை முடிவுசெய்து, அதோடு நிற்பது

ஆறு கம்பிக்கு அதிகம் புழங்கும் சி6 ட்யூனிங், கீழ்ச்சுரத்திலிருந்து மேலே சி, இ, ஜி, ஏ, சி, இ. நம் கணக்கில் ஸ, க, ப, த, ஸ, க. ஒன்றும் வாசிக்காமல் வெறுமனே மீட்டினாலே ரிஷபம் இல்லாத மோகனம் கேட்கும். பாரை இரண்டு கோடு தள்ளி வைத்தால் அந்த ரிஷபமும் வந்துவிடும். ஹவாய் மெட்டு நம் காதுக்கு அந்நியமாகப் படாததற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

ராகம் வாசிக்க நினைப்பவர்களுக்கு ஓப்பன் ஜி வசதி: டி, ஜி, டி, ஜி, பி, டி. அதாவது ப, ஸ, ப, ஸ, க, ப. சாதாரணக் கிட்டாரை மாற்றி மடியில் வைத்து வாசிப்பவர்களும் இதையே வைத்துக்கொள்ளுங்கள். மூன்று கம்பியை இறக்குவதோடு வேலை முடிகிறது. டோப்ரோக்காரர்கள் (உலோகக் கூம்பு வைத்த கிட்டார் வாசிப்பவர்கள்) வைக்கும் ஜி, பி, டி, ஜி, பி, டி ட்யூனிங்கைச் சாதாரணக் கம்பியோடு முயலாதீர்கள். ஐந்தாவது ஆறாவது கம்பிகளை மேலே ஏற்ற வேண்டியிருக்கும், கம்பி அறும், இல்லையென்றால் கம்பியைத் தாங்கும் பாலம் பெயரும்.

ஒரு நுணுக்கம். எலக்ட்ரானிக் ட்யூனரை நம்பி காந்தாரக் கம்பியைச் சரியாக நடுவில் நிறுத்தினால், எல்லாக் கம்பியும் சேர்ந்து ஒலிக்கும்போது அது மட்டும் குத்தும். தூய காந்தாரம் ட்யூனர் காட்டும் இடத்துக்கு ஏறத்தாழ 14 சென்ட் (அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) கீழே இருக்கிறது. தம்பூராப் பெட்டியோடு மட்டும் வாசிப்பதென்றால் அந்த அளவுக்கு இறக்கிக்கொள்ளலாம். கீபோர்டு துணைக்கு வந்தால் அதன் காந்தாரம் மேலே நிற்கும், அப்போது பாதி இறக்கினால் போதும். நம் ஊரில் வீணையும் கோட்டுவாத்தியமும் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம், காதே இறக்கிவிடும். (கோட்டுவாத்தியம், அதாவது சித்திரவீணை, 21 கம்பிகளோடு நம்மிடமே இருக்கும் வழுக்கு வாத்தியம். ஸ்டீல் கிட்டார்க்காரர்கள் மாதத்துக்கு ஒரு கச்சேரியாவது அதைக் கேட்க வேண்டும்.)

கூட்டத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ‘இந்த ட்யூனிங் இன்னும் நல்லா இருக்குமோ’ என்று ஒரு ஆசை வரும். வரும், எல்லோருக்கும் வரும். கூட்டம் முடிந்ததும் மாற்றிக்கொள்ளுங்கள்.

பார் கடைவது

இந்த விஷயத்தில் நாம் கொடுத்து வைத்தவர்கள். கோவை மோட்டார் பம்பு ஊர், கணபதியிலும் ஆவாரம்பாளையத்திலும் தெருவுக்குத் தெரு லேத் பட்டறை. ஆறு கம்பிக்கு 3/4 இஞ்ச் விட்டம், 3 இஞ்ச் நீளத்தில் ஸ்டெயின்லெஸ் ராடு ஒன்றை வெட்டி, ஒரு முனையை உருண்டையாகக் கடைந்து தரச் சொல்லுங்கள். எடை சுமார் 170 கிராம் வரும். மிகவும் இலேசான பார் கம்பிமேல் குதிக்கும். கனம் தன் எடையாலேயே கம்பியில் உட்கார வேண்டும், நீங்கள் அமுக்கக் கூடாது. அமுக்கினால் சுரம் ஏறும்.

நான் போன பட்டறையில், “என்ன பம்புக்குங்க ஷாஃப்ட்?” என்று கேட்டார். பாட்டு வாசிக்க என்றதும் லேத்தை நிறுத்திவிட்டு ஒரு நிமிடம் என்னைப் பார்த்தார்.

கடைந்ததோடு விட்டுவிடாதீர்கள். லேத் கூர் போன தடம் மெல்லிய கோடுகளாக இருக்கும், கம்பியில் உரசும்போது ‘சர்ர்’ என்று இரையும். 400, 800, 1200 என்று எமரித்தாளைப் படிப்படியாக மாற்றித் தேய்த்து, கடைசியில் பஃபிங் கொடுக்கச் சொல்லுங்கள். முகம் பார்க்கும் அளவு பளபளக்க வேண்டும். ஒரே நடையில் இரண்டாகச் செய்துவிடுங்கள். ஏன் என்று முதல் பத்தியில் படித்தீர்கள்.

கம்பியைக் கூட்டத்துக்கு முந்தின நாள் மாற்றாதீர்கள். புதுக்கம்பி இரண்டு மூன்று நாள் இழுத்துக்கொண்டே போகும். நான்கைந்து நாள் முன்பே மாற்றி, தினமும் வாசித்துப் பழக்குங்கள்.

ஆறு வாரப் பயிற்சி

முதல் இரண்டு வாரம் பாட்டு வேண்டாம். தம்பூரா செயலியைப் போட்டுவிட்டு, ஒரே கம்பியில் ஸரிகமபதநிஸ. பார் கோட்டுக்கு நேர்மேலே நிற்க வேண்டும், கோட்டுக்குப் பக்கத்து இடைவெளியில் அல்ல. கிட்டார் வாசித்துப் பழகியவர்கள் எல்லோரும் முதலில் இங்கே தவறுவார்கள். தலையைக் கொஞ்சம் முன்னே சாய்த்து நேர்மேலிருந்து பார்க்க வேண்டும், சாய்ந்து பார்த்தால் பார் விலகித் தெரியும்.

எவ்வளவு விலகினால் எவ்வளவு கெடும்? 22.5 இஞ்ச் நீளக் கம்பியில் 12ஆம் கோட்டுப் பக்கம் அடுத்த கோடு சுமார் 16 மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது. அரைச்சுரம் 100 சென்ட். ஆக, ஒரு மில்லிமீட்டர் பிசகினால் 6 சென்ட் போச்சு. 17ஆம் கோட்டில் 8 சென்ட். மூன்றாம் கோட்டில் அதே பிசகு 4 சென்ட்கூட வராது. மேல்ஸ்தாயியில் அலறும் வரி இருந்தால் அதைக் கீழே எட்டுச் சுரம் இறக்கி வாசிக்க முடியுமா என்று பாருங்கள். முதல் மேடையில் வீரம் காட்ட வேண்டியதில்லை.

அடுத்து கமகமும் அதிர்வும். வாசிக்க ஆரம்பிப்பவர்கள் பாரை உடனே ஆட்ட ஆரம்பித்துவிடுவார்கள், விலகலை மறைக்க அது ஒரு போர்வை. கூட்டத்தில் இருப்பவர்களுக்குப் போர்வைக்குள் என்ன இருக்கிறது என்று தெரியும். சுரத்தை ஆட்டாமல் நேராக நிறுத்தி, இரண்டு நொடி கேட்டு, பிறகு மெதுவாக ஆட்டுங்கள். பயத்தில் கை நடுங்கினாலும் அந்த மெதுவான ஆட்டத்துக்குள் அடங்கிவிடும்.

அடக்குவதையும் மறந்துவிடாதீர்கள். பாருக்குப் பின்னால் மோதிர விரலும் சுண்டு விரலும் கம்பிமேல் மெத்தென்று படுத்திருக்க வேண்டும். வலது உள்ளங்கையின் ஓரம், வாசித்து முடித்த கம்பியைத் தொட்டு நிறுத்த வேண்டும். வீட்டில் தனியாக வாசிக்கும்போது வேண்டாத கம்பி ஒலிப்பது அழகாகக்கூடத் தெரியும். ஒலிபெருக்கியில் அது குழம்பு.

மூன்றாம் வாரத்திலிருந்து பாட்டு. செல்போனில் பதிவுசெய்து மறுநாள் கேளுங்கள், அன்றே கேட்டால் காது உங்கள் பக்கம் பேசும். ஐந்தாம் வாரம் வீட்டில் ஆட்களை உட்கார வைத்து வாசியுங்கள். என் அப்புச்சி கேட்டுவிட்டு, “நல்லாத்தான் இருக்குது கண்ணு, எதுக்கு இப்பிடி மூஞ்சிய வெச்சிருக்கறே?” என்றார். அன்றைக்குத்தான் நான் பல்லைக் கடித்துக்கொண்டு வாசிப்பது தெரிந்தது. கடைசி வாரம் அறை விளக்கை அணைத்துவிட்டு ஒரே பல்பில் வாசித்துப் பாருங்கள். மேடை விளக்கில் பாரின் நிழல் ஒரு பக்கம் விழுந்து, கோடு எது நிழல் எது என்று தடுமாறச் செய்யும்.

காலால் தாளம் போடும் பழக்கம் இருந்தால் இப்போதே மாற்றுங்கள். வாத்தியம் மடியில் இருக்கிறது, குதிகால் எழும்பினால் கிட்டாரும் எழும்பும். செருப்புக்குள் பெருவிரலை மட்டும் அசைத்துப் பழகுங்கள்.

துணைக்கு வருகிறவர்களிடம் பேசுவது

கீபோர்டும் ரிதம் பேடும் வாசிக்க யாராவது இருப்பார்கள், பெரும்பாலும் மெல்லிசைக் குழுவில் பழகியவர்கள். அவர்கள் ‘எத்தனை கட்டைங்க?’ என்று கேட்பார்கள். சி என்றால் 1 கட்டை, டி 2, இ 3, எஃப் 4, ஜி 5, ஏ 6. இடையில் வரும் கறுப்புக் கட்டைகளுக்கு ஒன்றரை, நாலரை என்று சொல்வது வழக்கம். உங்கள் பாட்டு எந்தக் கட்டை, என்ன தாளம், எத்தனை சுற்று, நடுவில் யாருக்கு இடம், எப்படி முடியும் என்பதை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி, மூன்று நகல் கொண்டுபோங்கள். முடிவுதான் முக்கியம். எல்லோரும் சேர்ந்து ஆரம்பிப்பார்கள், ஆளுக்கொரு இடத்தில் முடிப்பார்கள். ‘கடைசி வரி மூன்று தடவை, மூன்றாவது மெதுவாக’ என்று எழுதிவிட்டால் பிரச்சினை இல்லை.

பதிவிசையோடு வாசிப்பதானால் பென் டிரைவிலும் செல்போனிலும் இரண்டிலும் வைத்துக்கொள்ளுங்கள். செல்போனை விமான நிலையில் போடுங்கள். சரணத்துக்கு நடுவே மாமியார் கூப்பிட்டு மண்டபம் முழுக்க மணியடித்த கதை எங்களிடம் ஒன்று உண்டு.

பையில் என்ன இருக்க வேண்டும்

கைப்பிடி இல்லாத நாற்காலி, அல்லது ஸ்டூல். இதை முதலில் எழுதக் காரணம் இருக்கிறது. நம் மண்டபங்களில் இருப்பதெல்லாம் கைப்பிடி வைத்த பிளாஸ்டிக் நாற்காலி. மடியில் ஸ்டீல் கிட்டாரை வைத்தால் இரண்டு பக்கமும் இடிக்கும், இல்லையென்றால் முழங்கை இடிக்கும். வீட்டிலிருந்தே ஒரு மர ஸ்டூல் எடுத்துப் போங்கள், உட்கார்ந்தால் தொடை தரைக்கு நேராக இருக்கும் உயரத்தில்.

பட்டு வேட்டியோ பட்டுச் சேலையோ கட்டிப் போவதாக இருந்தால் கிட்டார் மடியில் வழுக்கும். கார் டேஷ்போர்டில் விரிக்கும் ரப்பர் மேட் ஒரு துண்டு வெட்டி மடியில் போட்டுக்கொள்ளலாம். இரண்டாவது பார், சட்டைப் பையில். மீட்டுவதற்கு விரலில் மாட்டும் பிக்: கட்டைவிரலுக்கு இரண்டு, மற்ற விரல்களுக்கு இரண்டு ஜோடி. கைத்துண்டு. ட்யூனர், அதற்குப் புது பேட்டரி. சொந்த ஒயர், நீளம் மூன்று மீட்டருக்குக் குறையாமல். ஒரு செட் கம்பி.

வாத்தியத்தை வெயிலில் நிறுத்திய காரில் விடாதீர்கள். பஸ்ஸில் வந்தால் மடியில் வையுங்கள், மேலே பலகையில் வேண்டாம்.

மைக்செட்காரரும் மின்சாரமும்

கூட்டம் ஆரம்பிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே போய்விடுங்கள். கம்பி வெப்பத்தில் நீளும், சுருதி இறங்கும், குளிரில் ஏறும். மார்கழிக் காலையில் திறந்த தாழ்வாரத்தில் ட்யூன் செய்துவிட்டு, விளக்குக்கு அடியில் போய் உட்கார்ந்தால் நிச்சயம் விலகியிருக்கும். வாத்தியத்தைப் பெட்டியிலிருந்து எடுத்து, வாசிக்கப் போகும் இடத்தின் காற்றிலேயே அரைமணி நேரம் வைத்துவிட்டுப் பிறகு ட்யூன் செய்யுங்கள்.

ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று அள்ளும். உடுமலை, பொள்ளாச்சிப் பக்கம் தோட்டத்தில் வாசிப்பதானால் மைக் வைத்து வாசிக்கும் வாத்தியத்துக்குக் காற்றுத்தான் முதல் எதிரி. மைக்குக்கு பஞ்சு உறை போடச் சொல்லுங்கள். பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்) வைத்த லேப் ஸ்டீலுக்கு, அதாவது மடியில் வைக்கும் எலக்ட்ரிக் ஸ்டீல் கிட்டாருக்கு, அந்தத் தொல்லை இல்லை, அதற்கு வேறு தொல்லை: ‘ம்ம்ம்’ என்ற இரைச்சல். ஒற்றைச் சுருள் பிக்கப் பக்கத்திலிருக்கும் மின்சாரத்தையெல்லாம் குடிக்கும். சீரியல் செட் விளக்கு, டியூப் லைட் சோக், மின்விசிறி ரெகுலேட்டர் ஆகியவற்றிலிருந்து தள்ளி உட்காருங்கள். உட்கார்ந்த இடத்திலேயே கொஞ்சம் திரும்பினாலும் இரைச்சல் குறையும் ஒரு திசை இருக்கும், தேடிக் கண்டுபிடித்து ஸ்டூலை அப்படித் திருப்பிப் போடுங்கள்.

ஒயரை நேராக மிக்ஸரில் சொருகினால் ஓசை மூக்கடைத்த மாதிரி இருக்கும். சின்ன ஆம்ப் ஒன்றை வைத்து அதன் முன் மைக் வைப்பது நல்லது, அல்லது வாத்தியத்தை மிக்ஸருக்கு ஏற்றபடி இணைக்கும் டிஐ பாக்ஸ் இருக்கிறதா என்று கேளுங்கள். எஃபெக்ட் என்ற பெயரில் எக்கோவை மைக்செட்காரர் தாராளமாக ஏற்றுவார். கோயில் திருவிழாப் பழக்கம். “அண்ணா, எக்கோவக் கொஞ்சம் கொறைச்சுக் குடுங்க, சுருதி எனக்கே கேக்க மாட்டேங்குது” என்று சொன்னால் புரிந்துகொள்வார். அவரிடம் அதட்டிப் பேசி ஜெயித்தவர் யாரும் இல்லை.

ஒன்றை மட்டும் விளையாட்டாக எடுக்காதீர்கள். பழைய மண்டபங்களில் எர்த் சரியில்லாமல் இருக்கும். கை கம்பியில் இருக்க, உதடு மைக்கில் பட்டால் ஷாக் அடிக்கும், உயிருக்கே ஆபத்தாகலாம். டெஸ்டரை வைத்து மைக் தலையையும் கம்பியையும் தொட்டுப் பாருங்கள். எரிந்தால், எலக்ட்ரீசியன் வந்து பார்க்கும்வரை சொருகாதீர்கள். மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை உடைத்துவிட்டுச் சொருகும் பழக்கம் சிலருக்கு உண்டு. அவர்கள் பக்கத்தில் உட்காராதீர்கள்.

மேடையில்

பெயர் கூப்பிட்டதும் போங்கள். உட்கார்ந்து, மேட்டை விரித்து, ஒயரைச் சொருகி, ஒலி மூடியிருக்கும்போதே ட்யூனரில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். கையைத் துண்டில் துடையுங்கள். வியர்வைதான் அன்று என் பாரை நழுவவிட்டது.

மைக் கையில் வந்ததும், “எனக்கு அவ்வளவா வராதுங்க, தப்பிருந்தா மன்னிச்சுக்குங்க” என்று ஆரம்பிப்பது நம் ஊர் மரியாதை. வேண்டாம். அதைக் கேட்டதும் எல்லோரும் தப்பைத் தேட உட்கார்ந்துவிடுவார்கள். பாட்டின் பெயரையும் ட்யூனிங்கையும் சொல்லுங்கள், போதும்.

முதல் சுரத்துக்கு முன் பாரைக் கம்பிமேல் வைத்துவிட்டு ஒரு முழு மூச்சு விடுங்கள். நான்கு எண்ணிக்கையை நீங்களே கொடுங்கள், வீட்டில் வாசித்ததைவிடக் கொஞ்சம் மெதுவாக. பயம் வேகத்தைத் தானாகவே கூட்டிவிடும். சுரம் தட்டிவிட்டால் பாரை எடுத்து மறுபடி வைக்காதீர்கள், அங்கிருந்தே சரியான இடத்துக்கு வழுக்கிப் போங்கள். கேட்பவருக்கு அது கமகமாகவே படும். மெட்டுக்கட்டை வாத்தியக்காரருக்கு இந்தச் சலுகை கிடையாது.

வரி மறந்தால் தாளத்தை விடாமல் ஸட்ஜத்தில் நில்லுங்கள். துணைக்காரர்கள் புரிந்துகொண்டு சுற்றிக்கொண்டு வருவார்கள், அடுத்த வரியில் ஏறிக்கொள்ளலாம். பார் விழுந்தால் தேடாதீர்கள், சட்டைப் பை இருக்கிறது. முடித்ததும் கடைசிச் சுரம் அடங்கும்வரை பாரை எடுக்காமல் இருங்கள். பலர் இதில் அவசரப்பட்டு, எடுக்கும்போது ஒரு ‘டிங்’ விட்டுவிடுவார்கள்.

இறங்கிய பிறகு

வாசித்து முடித்ததும் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். உங்களை உட்கார்ந்து கேட்டவர்களை நீங்களும் கேட்க வேண்டும். அடுத்தவர் வாசிக்கும்போது மூலையில் உட்கார்ந்து தட்டிப் பார்ப்பதும், கேட்காமல் அடுத்தவர் வாத்தியத்தைத் தொடுவதும் கூடாது. கேட்டால் எல்லோரும் கொடுப்பார்கள், மடியில் வைத்தே கொடுப்பார்கள்.

யாராவது வந்து, “ஏனுங்க, அந்த மூணாவது வரியில காந்தாரம் கொஞ்சம் ஏறிப்போச்சுங்களே?” என்பார். அவர் குறை சொல்லவில்லை, அவருக்கு அந்த வரி பிடித்திருக்கிறது. எந்தக் கோட்டில் வாசித்தீர்கள் என்று காட்டுங்கள். அதே வரியைக் கீழே வேறு கம்பியில், பார் அதிகம் நகராமல் வாசிக்க ஒரு வழியை அவர் சொல்வார். எனக்குத் தெரிந்ததில் பாதி இப்படி மத்தியானச் சாப்பாட்டு வரிசையில் நின்றபடி கற்றதுதான்.

கிளம்பும் முன் கம்பிகளை அடிப்பக்கமும் சேர்த்துத் துடையுங்கள், வியர்வை உப்பு ஒரே இரவில் துருவாகிவிடும். பிக்குகளை எண்ணுங்கள். ஒன்று குறைந்தால் ஸ்டூலுக்கு அடியில் பாருங்கள், மேடைப் பலகை இடுக்கிலும்.